சாவிக்காரி

ஸ்லிவென் நகரத்துக் கம்பளி ஆலையை மூடியபோது ஸ்டோய்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் நூற்புப் பிரிவில் நின்றவள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாசலைக் காக்க மட்டும் ஒருத்தரை வைத்துக்கொள்வதாக முடிவானது. புருஷன் இறந்து வெகு நாளாயிற்று, பிள்ளையும் கிடையாது, எந்த நேரத்துக்கும் வருவாள் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் காலை ஷிப்டுக்கு மூவாயிரம் பேர் நுழைந்த வாசல் அது. இப்போது தபால்காரர் ஒருவர்தான். அவரும் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மலையிலிருந்து இறங்குகிற காற்று பெரிய கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அவள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பாள். மாலை ஏழுக்குப் பூட்டுவாள். நடுவில் வாசல் அறையிலிருந்த இரும்பு அடுப்பில் பீன்ஸ் சூப் வைத்துக் குடிப்பாள்.

மூன்று வருஷம் இப்படிப் போன பிறகு, மாடியிலிருந்த பழைய சாயப் பரிசோதனைக் கூடத்தை ஐந்து இளைஞர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். வீடியோ கேம் செய்கிறவர்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் யாவோர். படம் வரைகிறவள் நெவெனா. முதல் நாளே ஸ்டோய்னா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அனுமதிச் சீட்டு?"

"என்ன சீட்டு அத்தை? மாடியை வாடகைக்கு எடுத்திருக்கோம்ல," என்றான் யாவோர்.

"எடுத்தது மாடியை. வாசலை எடுக்கலியே."

மேசை இழுப்பறையில் ஆலையின் பழைய சீட்டுகள் மிச்சமிருந்தன. ஆளுக்கு ஒரு போட்டோ வாங்கி ஒட்டி, முத்திரை குத்திக் கொடுத்தாள். அதன் பிறகு தினமும் காலையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். ஜனவரியில் ஒரு நாள் யாவோர் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். வெளியே பனியும் மழையுமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம்கூட என்னைப் பார்த்தீங்களே அத்தை."

"நேத்துப் பார்த்தது நேத்தைக்கு."

நகரத்தின் மறு கோடிக்குப் போய் எடுத்துக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து வந்தான். அன்று அவன் நெவெனாவிடம் என்ன சொன்னான் என்பது ஸ்டோய்னாவுக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. காலையில் ஐந்து பேர், மாலையில் ஐந்து பேர். அவள் ஒரு நாளில் பேசுகிற பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒருத்தரை இன்னும் அரை நிமிஷம் நிறுத்தி வைக்கலாம்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் அச்சகத்திலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே போகிற சரக்கைப் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. கயிற்றை அவிழ்த்து மேலே இருந்த கேம் உறையை எடுத்தாள். அதன் படத்தில் ஓர் ஆட்டுக்குட்டி கூரைவிட்டுக் கூரை தாவிக்கொண்டிருந்தது. பின்னால் இரும்புக் கதவு. கதவின் முன்னால் ஒரு தடித்த பெண். இடுப்பில் சாவிக்கொத்து, பச்சைக் கம்பளி மேல்சட்டை, கத்துவதற்காகப் பிளந்த வாய். இடது உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம்.

ஸ்டோய்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். விரல் தானாகவே தன் மச்சத்துக்குப் போனது. உறையை இருந்த இடத்தில் வைத்து, கயிற்றை முன்பு போலவே கட்டி, பதிவுப் புத்தகத்தில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை அவள் யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை. அறைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். யாவோருக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. ஒரு வாரம் போயிற்று. அவனே ஜன்னலில் சீட்டை நீட்டிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

பத்தாம் நாள் நெவெனா, பனித்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைச் சூடாகத் தட்டில் வைத்துத் துணியால் மூடிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அத்தை, பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பிரிக்கிறது என் வேலை."

"யாவோர் கோவத்துல சொன்னான், நான் வரைஞ்சேன். வரைய வரைய அப்படியே வந்துடுச்சு."

ஸ்டோய்னா தட்டைத் தொடவில்லை. "அவ பேரென்ன?"

"சாவிக்காரி."

"காட்டு எனக்கு."

ஆலை மூடிய பிறகு ஒரு தடவைகூடத் தான் ஏறியிராத அந்தப் படிகளில் அவள் மூச்சு வாங்க ஏறினாள். நெவெனா விளையாடிக் காட்டினாள். சாவிக்காரி 'சீட்டு எங்கே' என்று கத்திக்கொண்டு சாவிகளை வீசினாள். ஆட்டுக்குட்டி அவள் தலையில் மூன்று தரம் குதித்தது. அவள் குப்புற விழுந்தாள், கதவு திறந்தது, திரை நகர்ந்துவிட்டது.

"அவ எங்க?"

"அவ அவ்வளவுதான் அத்தை. அடுத்த கட்டம் வந்துடும்."

"சீட்டைக் காட்டினா அவ வழி விடமாட்டாளா?"

யாவோர் தலையைச் சொறிந்தான். "ஆட்டத்துல சீட்டுன்னு ஒண்ணு கிடையாதே அத்தை."

"கிடையாதா? அப்ப இல்லாத ஒண்ணைக் கேட்டுக்கிட்டா அவ நிக்கிறா?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே அது சுட்டது. ஆலை மூடி வருஷக்கணக்காகிறது. அந்த முத்திரைக்கு என்ன செல்லுபடி? அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

இரண்டாவது ஆட்டம் செய்யத் தொடங்கியபோது யாவோர் அதில் ஒரு சீட்டை வைத்தான். நகரத்துப் புகைபோக்கிகளில் ஒன்றுக்குள் அது கிடக்கும். தேடி எடுத்து வந்து காட்டினால் சண்டை கிடையாது, சாவிக்காரி ஒதுங்கி நிற்பாள். அப்போது அவள் என்ன சொல்வாள் என்று கேட்க, ஒலிவாங்கியோடு வாசல் அறைக்கு வந்தார்கள்.

ஸ்டோய்னா சாவிக்கொத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, போ. ஏழு மணிக்குள்ள வந்துடு, அப்புறம் பூட்டிடுவேன்," என்றாள்.

ஒரே தடவையில் பதிவாகிவிட்டது.

அந்த ஆட்டம் வேற்று நாடுகளிலும் விற்றது. வாங்கியவர்களில் சீட்டைத் தேடியவர்கள் சொற்பம். தலையில் குதிப்பதுதான் சீக்கிரம் முடிகிற வழி. வசந்தத்தில் அவர்கள் ஐந்து பேரும் சோஃபியாவுக்கு அலுவலகத்தை மாற்றினார்கள். கிளம்பும் நாளில் சீட்டுகளை வரிசையாக அவளிடம் ஒப்படைத்தார்கள். நெவெனா தன்னுடையதை மட்டும் தரவில்லை, ஸ்டோய்னாவும் கேட்கவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரில் அந்த இரண்டாவது ஆட்டத்தைப் போட்டு, வாசல் அறையில் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் சாவிக்காரி இல்லை. பணம் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் ஒரு டிராகனைக் கேட்டார்களாம். நெவெனா போனில் இதைச் சொல்லும்போது அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அதுக்கு நீ ஏம்மா வருத்தப்படறே," என்றாள் ஸ்டோய்னா. "டிராகனுக்கு அடுப்பு வேண்டாம், நல்லதுதான்."

அந்தக் குளிர்காலம் முழுக்க, மதிய வெளிச்சத்தில், இரண்டு விரலால் அவள் ஆட்டுக்குட்டியை ஓட்டப் பழகினாள். குட்டி விழும், சாகும், மறுபடி முதலிலிருந்து வரும். சாவிக்காரியின் தலையில் குதிக்க அவள் ஒரு நாளும் முயலவில்லை. பிப்ரவரி கடைசியில் புகைபோக்கிக்குள் சீட்டு கிடைத்தது. கதவருகே கொண்டுபோய்க் காட்டினாள். பச்சைச் சட்டைக்காரி ஒதுங்கி நின்று ஸ்டோய்னாவின் குரலிலேயே பேசினாள். அந்த அறைக்குள் இரண்டு மாதமாக யாரும் நேரில் வந்து ஸ்டோய்னாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எதுவரைக்கும் வந்தீங்க அத்தை?" என்று நெவெனா அடுத்த முறை போனில் கேட்டாள்.

"கதவு வரைக்கும்."

"தாண்டிப் போங்க. அந்தப் பக்கம் கடல் வரும், ராத்திரி பகலா வரைஞ்சேன்."

"பார்க்கலாம்," என்றாள்.

ஒரு நாள் தாண்டியும் போனாள். நீலமாகக் கடல் வந்தது, படகுகள் வந்தன. ஆட்டுக்குட்டி முதல் படகுக்குத் தாவியபோதே தண்ணீரில் விழுந்துவிட்டது. திரை அவளை மறுபடி கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தவில்லை. இனி கடற்கரையிலிருந்துதான் தொடங்குமாம். திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். இல்லை. சற்று நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தாள்.

அடுத்த ஆண்டு ஆலை கைமாறியது. வாசலில் கேமராக்கள் வந்தன, ஸ்டோய்னாவுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஐந்தாம் மாடியிலிருக்கும் தன் வீட்டில் இப்போதும் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறாள்.