பூட்டாத அலுமாரி

வேலைக்குப் புறப்படுமுன் அகஸ்ரீனா அக்கா வீட்டிலுள்ள அலுமாரிகள் எல்லாவற்றையும் திறந்து விடுகிறார். சூட்கேசுகளின் சிப்பும் இழுபட்டுக் கிடக்கும். "பூட்டி வைச்சால்தானே பிள்ளை உடைப்பாங்கள்?" என்பார். மன்னாரில் ஆமி சுற்றிவளைத்த காலத்துப் பழக்கம். "ஆமியின்ரை சோதினைப் பேப்பரிலை ஆற்றையும் பேர் இல்லை. எல்லா வீடும் அதுக்குள்ளை."

புலம்பெயர்ந்து வந்து போர்கோ வெக்கியோவில் மாடிவீடு எடுத்துப் பல வருடமாகியும் அது விட்டுப்போகவில்லை. வேலைசெய்யும் வீடுகளில் ஒரு மேசை லாச்சியைக்கூடத் தொடமாட்டார்; தன் வீட்டில் எல்லாம் ஆவென்று கிடக்கும். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் பின்னறையில் அவருடைய தம்பி றொஜர் இருக்கிறார். அவருடைய பெர்மெசோ, வதிவிட அனுமதி, முடிந்துவிட்டது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

போன கிழமை நான் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, சுங்கப் பொலிஸ் இருவர் படியேறி வந்தார்கள். எதிர்வீட்டில் கள்ளச் சிகரெட் தேட. எதிர்வீட்டுச் சின்யோரா கதவுச் சங்கிலியைக் கழற்றவேயில்லை. உத்தரவுக் கடதாசியை இடுக்கால் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, பெயரும் கதவிலக்கமும் சரியா என்று வரிவரியாக வாசித்தார். அவர்களும் காத்து நின்றார்கள்.

அக்காவோ தன் கதவை அகலத் திறந்து, "ப்ரேகோ, ப்ரேகோ" என்று அவர்களைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவரை ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை. அவருடைய கை பின்னறைக் கதவின் பிடிக்கே போய்விட்டது. எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பொலிஸ்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே, "உங்கள் வீட்டுக்கு எங்களிடம் உத்தரவு இல்லை, சின்யோரா" என்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்த மனிசி கதவுக்கை நிண்டு வாசிக்கிறா. ஒருத்தரும் அடிக்கேல்லை. நான் என்ரை தம்பியை நானே காட்டிக் குடுக்கப் பாத்தன், பிள்ளை."

"இனிப் பூட்டுங்கோ அக்கா. உங்கடை பேர் போட்ட பேப்பர் இல்லாட்டி உள்ளை விட வேண்டாம்."

"ஓம், பூட்டுறன்."

நேற்றுப் போனேன். அலுமாரிகள் மூடியிருந்தன. பின்னறையும் பூட்டியிருந்தது, உள்ளே றொஜர் இருமுவது கேட்டது. அந்தப் பூட்டின் திறப்பு அக்காவின் கழுத்தில், செபமாலையோடு தொங்கியது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் சப்பாத்துச் சத்தம். அக்கா கதையை நிறுத்தினார். கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றினார். மெல்ல எழுந்து போய்ப் பின்னறைப் பூட்டில், வெளிப்பக்கமாக, அதைச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.