கிரேன் செல்வராஜும் பன்றிமுடி பிரஷும்

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர் செல்வராஜ். பூர்வீகம் தூத்துக்குடி. முப்பது டன் பெட்டியை லாரியின் முதுகில் பூ வைப்பதுபோல் வைப்பார். அவர் கேபினில் இருக்கிறார் என்றால் கீழே நிற்கும் டிரைவர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள்.

போன மழைக்காலத்தில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அது துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக் கிடந்தது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிப் பழகச் சொன்னார். இரண்டு மாதத்தில் உடல்தகுதிப் பரிசோதனை. தேறாவிட்டால் கிரேனை விட்டு இறங்கி ஆபீஸில் உட்கார வேண்டியதுதான்.

"பச்சப்புள்ள மாதிரி பந்து வச்சு வெளையாடவா?" என்று அவர் பந்தைத் தூக்கி அலமாரிமேல் போட்டார்.

அவரை அதிகம் வருத்தியது சவரம்தான். நுரை டப்பாவை அமுக்க விரலில் வலுவில்லை. மகள் மேக்னா அமுக்கித் தருவாள். அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நாலாம் நாள் அது பொறுக்கவில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் போய், தடித்த மரப்பிடி போட்ட பன்றிமுடி பிரஷ் ஒன்றும் வட்டச் சோப்பும் வாங்கிவந்தார். பிடி அவர் கைக்கு அடக்கமாக இருந்தது. கடைக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, "ஏக்டு டைம் லாக்பே, தாதா" என்றார். பழகக் கொஞ்ச நாளாகுமாம்.

மறுநாள் காலை பிரஷைத் தண்ணீரில் முக்கிச் சோப்பில் தேய்த்தார். முடி தென்னந்துடைப்பம் போலக் குத்தியது. நுரை பெரிய பெரிய குமிழியாக எழும்பி, முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் அடங்கிப்போனது.

"என்னங்க இது, ஒரே பன்னி வாடை!" என்று மனைவி சகுந்தலா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"பாபா, நான் அமுக்கித் தரேனே, ரெண்டு செகண்ட்தான்" என்றாள் மேக்னா.

"வேண்டாம் தாயி. இருபத்தெட்டு வருஷம் கிரேனையே வழிக்குக் கொண்டு வந்திருக்கேன். இது முடிதான?"

அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம் அதற்கே போனது. வெந்நீரில் பிரஷை ஐந்து நிமிஷம் ஊறப்போட்டால் முடி இளகுகிறது என்று கண்டார். உதறாமல் சோப்பில் வைத்தால் நுரை நீர்த்துப்போகிறது. ஒரேயடியாக உதறினாலோ பிரஷே நுரையைக் குடித்துவிடுகிறது. சோப்பை நிறைய ஏற்றிக்கொண்டு, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சுழற்ற வேண்டும். முதலில் பத்துச் சுற்றுக்கே வலி முழங்கை வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். சவரம் வேண்டாத சாயங்காலங்களிலும் சும்மா நுரை கலக்கிக் கொட்டினார்.

இரண்டு வாரத்தில் வாடை போய்விட்டது. முடிகளின் நுனி பிளந்து மெத்தென்றானது. ஆனாலும் நுரை நிற்கவில்லை. ஒருநாள் மோட்டார் பழுதாகி மாடிக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் ஏறவில்லை. சகுந்தலா கீழே போய் கார்ப்பரேஷன் குழாயில் ஒரு குடம் பிடித்துவந்தாள். அதில் கலக்கினார். கிண்ணம் நிறையத் தயிர்போல வெள்ளை நுரை கட்டி நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தார், ஒரு துளி சிந்தவில்லை.

"சகுந்தலா! இங்க வந்து பாரு! இவ்வளவு நாளும் உப்புத் தண்ணியில மாரடிச்சிருக்கேன்!"

அவள் பார்த்தது நுரையை அல்ல. "கையைப் பாருங்க" என்றாள். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்த வலது மணிக்கட்டு, அவரறியாமலே முழுசாகத் திரும்பியிருந்தது.

பரிசோதனை நாளன்று மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு போனார். டாக்டர் மணிக்கட்டை வளைத்தார், திருப்பினார், தன் கையை அழுத்தச் சொன்னார். அழுத்தியதும், "போதும், போதும், விடுங்க!" என்று அலறிச் சிரித்தார். "யார்கிட்ட பயிற்சி எடுத்தீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார். நானாத்தான்" என்றார் செல்வராஜ்.

அடுத்த திங்கட்கிழமை இரும்பு ஏணியில் ஏறிக் கேபினில் உட்கார்ந்தார். முதல் பெட்டி லாரியில் அமர்ந்தபோது ஒரு சத்தமும் எழவில்லை. கீழே நின்ற டிரைவர் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டான். செல்வராஜ் வலது கையை உயர்த்தி அசைத்தார்.