ஒன்பதுக்கு வைக்காத நிறம்

எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது, ஒன்றை ஏழால் வகுத்தால் புள்ளிக்குப் பின் 142857 என்பதே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். எந்த வாத்தியாரும் இதைச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. அந்த எண்ணை இரண்டால் பெருக்கினேன்: 285714. மூன்றால் பெருக்கினேன்: 428571. அதே இலக்கங்கள், அதே வரிசை. தொடங்கும் இடம்தான் வேறு. கோடு போட்ட பட்டுப் புடவையும் இப்படித்தானே ஓடும். இலக்கத்துக்கு ஒரு நிறமாக, புடவைக்கு மாதிரி பார்ப்பதுபோல, அட்டையில் பட்டு நூலைச் சுற்றினேன். ஆறு வரை பெருக்கியும் கோடு மாறவில்லை. ஓடிப்போய் அக்காவிடம் காட்டினேன்.

தறியில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள்: "ஏழால பெருக்கினா இன்னாமா வருது?"

பெருக்கினேன். 999999. ஒன்பதுக்கு நான் நிறமே வைத்திருக்கவில்லை.

அக்கா, நான் சுற்றாத அரக்கு நிற நூலை என் மடியில் போட்டாள். "கோடு முடிஞ்சிபோச்சி. இனிமே ப்ளெயின்தான்."