வாய் வைக்காத முகமூடி

இன்று பெங்களூர் லிங்கராஜபுரத்தில் முகமூடி செய்யும் பட்டறைக்குப் போயிருந்தேன். காகிதக்கூழில் முகமூடி செய்து, அதை மாட்டிக்கொண்டு நம் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் என் முகமூடிக்கு வாய் வைக்கவில்லை.

காவிரிக் கலவரத்தின்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் போன பஸ்ஸை ஒரு கும்பல் மறித்து, ஒவ்வொருவரையும் கன்னடத்தில் பேசச் சொன்னது. எனக்குக் கன்னடம் சரியாக வராது.

"வாயத் தொறக்காதடி" என்று அம்மா கிசுகிசுத்தாள். கம்போடு வந்தவனிடம், நான் பிறவி ஊமை என்று கன்னடத்தில் சொன்னாள். அவன் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

இதைச் சொல்லி முடித்து உட்கார்ந்தேன்.

பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்காரர் மஞ்சுநாத் தன் முகமூடியைக் கழற்றினார். "நானும் அப்போ பஸ் நிறுத்தினவன்தான் மேடம். பதினேழு வயசு."

"எந்த பஸ்?"

"நெறைய பஸ். யார் முகமும் ஞாபகம் இல்ல." அவர் தலை நிமிரவேயில்லை.

திரும்பும்போது அவரும் என் பஸ்ஸில் ஏறி, எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள்.

"எங்கடி இருக்க?"

வாய்வரை வந்த தமிழை விழுங்கிவிட்டு, நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

இப்போது வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். நீங்களாக இருந்தால் எந்த மொழியில் பேசியிருப்பீர்கள்?