ஏரிக்குள் ஒரு பஞ்சாயத்துக்காரர்

கயிற்றை வீசுவதற்கு முன்னால் குழந்தைவேல் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். "ஏனுங்க, உங்க ரெண்டு பேத்துல யாரு பின்பக்கமா மிதிச்சது?" ஏற்காடு ஏரியின் நடுவே, பெடல் படகுக்குள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். உடனே சிரிப்பும் வந்துவிடும். சிரித்த பிறகுதான் கயிறு வரும்.

மிதிக்கத் தெரியாமல் கோரைக்குள் மாட்டிக்கொள்ளும் படகுகளை, துடுப்புப் படகில் போய்க் கட்டி இழுத்து வருவது அவர் வேலை. மே மாத வெயிலிலும் குரங்குக் குல்லாயோடுதான் இருப்பார். கழுத்தில் விசில் தொங்கும். அவர் அதை ஊதி யாரும் கேட்டதில்லை. "குடும்பத்தோட வந்தவங்கள விசிலடிச்சா கூப்புடறது?" என்பார்.

இழுத்து வருகிற வழியெல்லாம் பஞ்சாயத்துதான். மாமியாரைப் பற்றிய புகார், செல்போனைக் கீழே வைக்காத புருஷனைப் பற்றிய புகார், எல்லாவற்றுக்கும் துடுப்புப் போட்டபடியே தலையாட்டுவார். தீர்ப்பு மட்டும் எப்போதும் ஒன்றுதான். "கரையேறுனதும் ஆளுக்கு ரெண்டு மொளகா பஜ்ஜி தின்னுங்க. காரம் ஏறுச்சுன்னா கோவம் எறங்கிரும்." பஜ்ஜிக் கடைக்காரர்கள் அவருக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி.

ஊர்ச் சண்டைக்கெல்லாம் நாட்டாமை பண்ணிய இந்த மனுஷர்தான் சேர்வராயன் திருவிழாவன்று சொந்த வீட்டில் மண்ணைக் கவ்வினார். அவர் மனைவி அத்தாயிக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையில் விழுந்த புருஷன் எழுந்து நடந்தால், இருவருமாகச் சேர்வராயன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறோம் என்று நேர்ந்திருந்தாள். புருஷன் எழுந்தார், நடந்தார், நடந்து நேராக ஏரிக்குப் போய்விட்டார்.

மத்தியானம், கோயிலுக்கு ஜீப்பு கிளம்பும் ஒண்டிக்கடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அத்தாயி புதுச்சேலையும் பூஜைக் கூடையுமாக அங்கே நின்றாள். ஜீப்பு ஜீப்பாகக் கோயிலுக்கு ஆள் ஏறிப் போனது. இவரோ ஏரிக்கரையில், அப்போதுதான் இழுத்து வந்திருந்த ஒரு புதுமணத் தம்பதிக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, பெண் சிரிக்கிற வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தார். பெண் சிரித்துவிட்டாள். கடைசி ஜீப்பும் போய்விட்டது.

அன்றிலிருந்து அத்தாயி அவரோடு பேசுவதில்லை. சாப்பாடு வேளைக்கு வரும். பேச்சு மட்டும் வாசலில் மேயும் கோழிக்குப் போகும். "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள் கோழியிடம். இவரும் "கூட்டம் நொம்ப இருந்துச்சுன்னு சொல்லு" என்று அதே கோழியிடம் சமாதானம் சொன்னார். தப்பு என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை, ஆம்பளை வீம்பு. ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தப் பேசாமை வீட்டுக்குப் பழகிப் போய்விடும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் மாற்ற முடியாது என்று கலங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தாயியின் தங்கை பார்வதி, குப்பனூரிலிருந்து குடும்பத்தோடு ஏரி பார்க்க வந்தாள். துணைக்கு அத்தாயியும் வந்தாள். பார்வதியும் புருஷனும் ஒரு படகில் ஏறிக்கொள்ள, அவர்களுடைய சின்ன மகள் மேகலா மட்டும் பெரியம்மாவோடுதான் போவேன் என்று ஒட்டிக்கொண்டாள். குழந்தையின் கால் பெடலுக்கு எட்டவில்லை. அத்தாயி ஒற்றை ஆளாக மிதித்து மிதித்துப் பார்த்தாள். காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்க் கோரைக்குள் செருகியது.

குழந்தைவேல் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். வழக்கமான கேள்வி வாய்வரைக்கும் வந்தது; விழுங்கிவிட்டார். பேசாமல் கயிற்றை வீசினார். அது அத்தாயியின் மடியில் விழுந்தது. அவள் எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"கண்ணு, இந்தக் கயிறெல்லாம் ஊருக்காரங்களுக்குப் போடச் சொல்லு."

"பெரியப்பா, கயிறு ஊருக்காரங்களுக்காம்" என்றாள் மேகலா.

"பெரியம்மாகிட்டச் சொல்லு சாமி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கோழியைத் தாண்டிக் குழந்தை வரைக்கும் வந்தாயிற்று, இன்னும் எத்தனை பேரைத் தூது விடுவது? அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அத்தாயி, தப்பு எம்மேலதான். நீ அங்க நிக்கற நெனப்பே எனக்கு இல்லாமப் போச்சு. அதான் நெசம்."

அத்தாயி நிமிர்ந்து அவரையே பார்த்தாள். "எனக்காகவா நேந்தேன்? உங்க உசுருக்குத்தானுங்களே நேந்தேன்." குரல் உடைந்துவிட்டது.

சவாரிக்கு வந்தவர்களின் படகில் காலை வைக்கக் கூடாது என்று படகுத்துறையில் கண்டிப்பு உண்டு. அவர் எழுந்து நிற்பதைப் பார்த்துக் கரையிலிருந்து யாரோ கத்தினார்கள். குழந்தைவேல் தன் படகை அவர்கள் படகுக்குப் பின்னால் கட்டிவிட்டு, மெல்ல இதில் ஏறினார். மேகலாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெடலில் காலை வைத்தார். மிதிக்கவில்லை. அத்தாயியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு மிதி மிதித்தாள். அதற்குப் பிறகுதான் அவர் கால் அசைந்தது.