வற்றிய ஏரியில் ஒரு திங்கட்கிழமை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சித்திரை வருடப்பிறப்பு கழிந்து வந்த முதல் திங்கட்கிழமை. சுவிற்சர்லாந்தில், நான் குடியிருந்த வின்டர்தூரிலிருந்து ரயில் மாறி, பிறகு பேருந்து பிடித்துப் போகவேண்டிய ஓர் அணைக்கட்டு ஏரியில் இது நடந்தது. ஊரின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே என்னைத் தெரிந்த ஒருவர் இன்னமும் இருக்கிறார், வீணாகச் சிரிப்பார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். ஓர் உணவகத்தின் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை உணவகம் பூட்டு. மற்றவர்கள் விடுமுறை எப்போது வரும் என்று இருப்பார்கள், நான் அது வராமலே இருந்தால் நல்லது என்று இருந்தேன். காரணம், என் அறையில் இன்னொருவன் இருந்தான்.

அவன் யாழ்ப்பாணத்துக்காரன், நான் மட்டக்களப்பு. ஒரே வயது. அவனுக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. இரண்டு வருடம் ஒரே பானையில் சமைத்து, ஒருவன் காற்சட்டையை மற்றவன் போட்டு, மச்சான் மச்சான் என்று இருந்தோம். பிறகு ஓர் ஐப்பசி மாதத்தில் என் அப்பா ஊரில் இறந்துபோனார். சித்தப்பா ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் வேலையில் நின்றேன். செய்தியைக் கேட்டவன் அவன். அதை அவன் என்னிடம் பத்து நாள் சொல்லவில்லை. எட்டாம் நாள் எனக்கு அகதி விசாரணை இருந்தது. அது குழம்பக் கூடாது என்று மறைத்தானாம். சரி, விசாரணை முடிந்த பிறகும் இரண்டு நாள் ஏன் மறைத்தான்?

நான் மூத்த பிள்ளை. கொள்ளி வைக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. அப்பாவின் எட்டாம் நாள் சடங்கு நடந்தபோது நான் இங்கே சிரித்துக்கொண்டு, கண்டதையும் தின்றுகொண்டு திரிந்திருப்பேனே என்ற நினைப்பு என்னைத் தின்றது. அந்த இரண்டு நாளுக்கும் அவன் காரணம் சொல்ல வாயைத் திறந்தான். நான் கையை நீட்டி, இனி என்னோடு கதைக்காதே என்றேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு சொல் இல்லை. இரண்டு பானை, இரண்டு மிளகாய்த்தூள் போத்தல். ஒரே அறையில் இரண்டு கட்டில்களுக்கு இடையில் நாலடி தூரம்தான், ஆனால் நான் சுவரைப் பார்த்தே படுத்துப் பழகிவிட்டேன். எனக்குப் பிடிவாதம் அதிகம். அது என் குணம், மறைக்க ஒன்றுமில்லை.

திங்கட்கிழமைகளில் அறையில் இருக்க முடியாமல்தான் மீன் பிடிக்கப் போகத் தொடங்கினேன். பழைய சாமான் சந்தையில் ஒரு தூண்டில் வாங்கினேன். ஏரிக்கரை ஊரில் பாண், கேக் விற்கும் வெதுப்பகம் வைத்திருந்த பெண் ஒரு நாளைக்கான மீன்பிடி அட்டை எழுதித் தருவார். இந்த நாட்டில் அது இல்லாமல் தண்ணீரில் நூல் போடக்கூடாது. நான் தேடிப் போனது எக்லி என்ற மீன். உள்ளங்கை அகலம், முதுகில் முள்ளு, உடம்பில் கறுப்பு வரிகள். குளிர் விட்டு வெயில் ஏறும் பருவத்தில் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் கூட்டமாக வரும். மண்புழுவைக் கோத்துப் போட்டால் மிதவை முதலில் நடுங்கும், பிறகு சாய்ந்துகொண்டு போகும். அந்த ஒரு நொடிக்கு எதுவும் ஞாபகம் வராது. அதற்காகவே போனேன்.

அது நான் போன ஐந்தாவது திங்கட்கிழமை. எங்கே போகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மின்சாரத்துக்காகக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரை இறக்கிவிடுவதால், சித்திரையில் அந்த ஏரி பாதி வற்றிக் கிடக்கும். மலைப்பனி உருகி வந்தால்தான் நிரம்பும். உள்ளூர்க்காரர் கல் கட்டிய கரையில் நின்றுதான் தூண்டில் போடுவார்கள். அன்றைக்கும் தூரத்தில் கல்லுக்கட்டில் ஒரு பெண் நின்றார். ஐம்பது வயது இருக்கும், பெரிய மழைச்சட்டை. முந்திய வாரங்களிலும் கண்டிருக்கிறேன். அவர் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன்.

எனக்கு அன்று ஒரு மீனும் கடிக்கவில்லை. ஓடை வந்து சேரும் மூலையில் பழைய மரக்குற்றிகள் தண்ணீரில் நின்றன. மீன் அங்கேதான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கரைக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் முப்பது நாற்பது அடி வெறும் ஏரித்தரை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் ஊரில் கோடையில் குளம் வற்றினால் இப்படித்தான் வெடிக்கும். அதன் மேல் மாடு போகும், சைக்கிள் போகும், நடுவில் மிஞ்சிய தண்ணீரில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். வெடித்த தரை என்றால் காய்ந்த தரை. இதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நடந்தேன்.

இருபது அடி வரை ஒன்றும் இல்லை. அடுத்த அடியில் வலது கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடை வரை போனது. மேலே காய்ந்து கிடந்தது வெறும் தோல். உள்ளே பனிக்காலமெல்லாம் ஊறிய, மாவு போல நைந்த சேறு. குளிர் எலும்பில் ஏறியது. அசைந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இடுப்புப் பட்டி வரை வந்ததும்தான் பயம் பிடித்தது.

அப்போதும் நான் கத்தவில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. காவல்துறை வந்தால் அகதி விண்ணப்பத்துக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம். குளத்தடியில் வளர்ந்தவன் சேற்றில் நிற்பதா என்று ஒரு வெட்கம். எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்து மாதமாகத் தேவைக்கு மேல் வாய் திறக்காதவனுக்குக் குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. செத்தால் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன். நாளை பத்து மணிக்கு வேலைக்கு வரவில்லை என்று முதலாளி திட்டுவார். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவுதானா நான் என்று இருந்தது.

கடைசியில் கத்தினேன். ஜெர்மன் சொல் ஒன்றும் வரவில்லை. ஐயோ என்றுதான் வந்தது. இரண்டு தரம், மூன்று தரம். கல்லுக்கட்டில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். தூண்டிலைக் கீழே போட்டார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேட்டில் ஏறி ஓடிப்போய்விட்டார்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக இருந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ மாட்டு மணி கேட்டது. நான் அந்தப் பெண்ணைத் தூஷணத்தால் ஏசினேன், பிறகு அழுதேன், பிறகு அதுவும் ஓய்ந்துபோனது.

கால்மணி நேரம் இருக்கும். மேட்டில் அவர் மறுபடியும் தெரிந்தார். பழம் பறிக்கிற நீண்ட மர ஏணி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். தோளில் கயிறு. அவர் வீடு அந்த மேட்டுக்குப் பின்னால் இருந்த பண்ணை. ஏணியைச் சேற்றின் மேல் படுக்கவைத்துத் தள்ளி, தானும் அதன் மேல் வயிற்றில் படுத்து என்னிடம் ஊர்ந்து வந்தார். லங்சம், லங்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாக என்று அர்த்தம். சமையலறையில் அந்தச் சொல்லை எனக்கு எவரும் சொன்னதில்லை, வேகமாக என்றுதான் கேட்டிருக்கிறேன். பின்னால் சாயச் சொன்னார். ஒரு காலை ஆட்டி ஆட்டி இளக்கச் சொன்னார். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். காலில் போட்டிருந்த இரண்டு சப்பாத்தையும் ஏரிக்குக் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினேன்.

அவருடைய சமையலறையில் விறகு அடுப்புக்கு முன்னால், கம்பளியால் சுற்றி இருத்தினார். சூடான கோப்பி தந்தார். பிறகு தொலைபேசியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

நான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு ஜெர்மன் விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாகக் கேட்டார். விளங்கியது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த தொலைபேசி இலக்கம் ஒன்றே ஒன்று, அது எங்கள் அறையின் இலக்கம். அவனுக்கு அன்று மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை. வீட்டில் நிற்பான். சுழற்றினேன்.

எடுத்துவிட்டான். என் மூச்சு மட்டும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? ஊரிலயிருந்தோ? சொல்லுங்கோ, என்னெண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ."

அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான்தான் என்றேன். பிறகு "எங்கயடா நிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டான். நான் அழத் தொடங்கவும், அந்தப் பெண் தொலைபேசியை வாங்கி வழி சொன்னார்.

இரண்டரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். வேலைக்குப் போகவில்லை. மேல்சட்டைக்குள், வேலைக்கென்று உடுத்திருந்த மருத்துவமனையின் வெள்ளை உடுப்பு அப்படியே இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் என் காற்சட்டை, காலுறை, அவனுடைய சப்பாத்து. வாசலில் நின்று என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான். பிறகுதான் வெடித்தான்.

"எங்க போறன் எண்டு ஒரு துண்டில எழுதி வைச்சிட்டுப் போகேலாதோ உனக்கு? அப்பா செத்ததைச் சொல்லவே எனக்குப் பத்து நாள் எடுத்தது. நீ செத்திருந்தா உன்ர அம்மாவுக்கு நான் என்னெண்டடா சொல்லுவன்? எத்தினை நாளில சொல்லுவன்?"

சொல்லிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து விம்மி அழுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. மேசையில் இன்னொரு கோப்பை வைத்துவிட்டு, கன்றுக்குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவனுடைய சப்பாத்து என் காலைக் கடித்தது. அவனை ஐந்து மாதமாகச் சொல்லவிடாமல் வைத்திருந்ததை நானே கேட்டேன். விசாரணை முடிந்த பிறகும் அந்த இரண்டு நாள் ஏன்?

"அண்டைக்குப் பின்னேரம் சொல்லத்தான் இருந்தனான். நீ விசாரணை நல்லாப் போச்சுது எண்டு சிரிச்சுக்கொண்டு, இறைச்சியும் வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்திட்டு எனக்கு வாய் வரேல்லை. அடுத்த நாளும் வரேல்லை."

"அப்ப அப்பா செத்த துடக்குக்குள்ள நான் இறைச்சி திண்டிருக்கன்" என்றேன்.

"இல்லை" என்றான். "நீ தின்னேல்லை. நல்லா யோசிச்சுப் பார். எனக்கு வயித்துக்குள்ள சரியில்லை எண்டு அதை நான் சமைக்கேல்லை. அந்தப் பத்து நாளும் நான் உனக்கு மச்சம் மாமிசம் காட்டேல்லை."

யோசித்தேன். கந்தசஷ்டி வருகிறது, இந்தமுறை முந்தியே தொடங்கி இரண்டு பேரும் மரக்கறி சாப்பிடுவோம் என்று அவன் அப்போது சொன்னது ஞாபகம் வந்தது. வேலைக்குக்கூடச் சோறு கட்டித் தந்தான். உணவகத்தில் வாய் வைக்காதே என்று சத்தியம் வாங்கினான். இவனுக்கு என்ன திடீர்ப் பக்தி என்று நான் நக்கல் அடித்தேன். எட்டாம் நாள் விடிய, விசாரணைக்குப் புறப்பட முன்னம், என்னைத் தலையில் முழுகச் சொல்லி, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை என் கையாலேயே ஏற்ற வைத்தான். விசாரணை நல்லாய்ப் போகட்டும் என்றான். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்று அவன் யாருக்காகக் கும்பிட்டான் என்பது எனக்கு அந்தப் பேருந்தில்தான் தெரிந்தது.

இப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாராவது இறந்தால் சில வேளைகளில் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வது என் பொறுப்பாகும். முன்பின் தெரியாத அவர்களுக்குச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்து மாதம் நான் தனியாகக் கிடந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என்னை அறியாமலே என் அப்பாவுக்கு என்னைத் துக்கம் காக்க வைத்துவிட்டு, அதைச் சொல்ல விடாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அதே அறையில் உண்மையில் தனியாகக் கிடந்தவன் அவன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு அவன் முன்னால் தலை குனிகிறது.