நெகடிவ் என்று நான் எழுதியது

எனக்கு இருமல் இருந்தது. அதனால்தான் வகுப்பில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அரசுக் கல்லூரி ஒன்றில் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், இரண்டாம் ஆண்டு. கல்யாணமான பிறகு சேர்ந்தவள் நான். முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மகள் பிறந்தாள். அவளை மாமியாரிடம் விட்டுவிட்டு, கச்சிராயபாளையத்திலிருந்து காலை பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வருவேன். வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா.

அன்று காசநோய்க் கிருமியைச் சாயமேற்றிப் பார்க்கும் செய்முறை வகுப்பு. நோயாளியின் சளி ஒரு ஸ்லைடில். பக்கத்தில் வைத்து ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் சளி இன்னொரு ஸ்லைடில். இதற்குக் கண்ட்ரோல் (எது நோய், எது நோயில்லை என்று உறுதிசெய்ய வைப்பது) என்று பெயர்.

"யாராவது ஒருத்தங்க கொடுங்க" என்றார் மேடம்.

"எங்களுக்கு எச்சில்தான் மேடம் வருது."

"அக்காவக் கேளுங்க மேடம். அக்கா இருமினா கப்பு ரொம்பிடும்" என்றாள் என் பக்கத்தில் உட்காரும் ஜெயந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வராந்தாவுக்குப் போய் இருமி எடுத்து வந்தேன். மேடம் கப்பைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க, சாம்பிள்னா இப்படி இருக்கணும்." எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நோயில்லாதவருக்கு அவ்வளவு எளிதில் சளி வராது என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முந்தைய மாதம் கல்வராயன் மலையில் காசநோய் முகாம் நடந்தபோது, வீடு வீடாகக் கப்பு கொடுத்து, "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி பாத்துடணுங்க" என்று சொன்னவள் நான். அப்போதே எனக்கு மூன்றாவது வாரம். எனக்கு வந்தது பஸ் தூசி என்று நினைத்திருந்தேன்.

ஸ்லைடைச் சூடுகாட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆசிட்டில் கழுவி, நீலச் சாயம் ஊற்றினேன். மற்றதெல்லாம் ஆசிட்டில் சிவப்பை இழந்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் இழக்காது. பாடமே அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் நீலத்துக்கு நடுவே மூன்று சிவப்புக் கோடுகள் தெரிந்தன.

ஜெயந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சாயம் சரியா போவலக்கா. இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊத்து" என்றாள்.

ஊற்றினேன். மறுபடி நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். கோடுகள் போகவில்லை. கை தவறியிருக்கும், நோயாளியின் ஸ்லைடிலிருந்து ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ட்ரோல் தப்பாக வந்தால் செய்முறையே தப்பு, மதிப்பெண் போய்விடும். ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினேன். வெறும் நீலமாக ஓர் இடம் கிடைத்தது. அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்து, கீழே நெகடிவ் என்று எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் பால் கொடுத்தேன். அவள் முகத்துக்கு நேரே இருமினேன்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்கு மாலை மாலைக் காய்ச்சல் வரத் தொடங்கியது. எடை ஏறவில்லை. "பல்லு மொளைக்குது, அதான் ஒடம்பு காயுது" என்றார் மாமியார். அதையும் நம்பினேன். விலா எலும்புகள் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

குழந்தைகள் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் சார். சும்மா சளிதான்."

"என்னம்மா பண்றீங்க?"

சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"லேப் படிக்கிறீங்க. ஒரு தடவை பாத்திருக்கலாமேம்மா."

"பாத்தேன் சார்."

முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரைப்பை நீரை எடுத்துப் பார்ப்பார்கள். என் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டது நான். என் சளியையும் பார்த்தார்கள். இருவருக்கும் நோய் உறுதியானது. இருவருக்கும் ஆறு மாத மருந்து.

இதே நிலையில் இருக்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். கிருமி பாலில் இல்லை, மூச்சில்தான் இருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுத்தேன். முதல் நாள் மகள் என் முகம் தெரியாமல் அழுதாள். மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள். வீட்டில் பேசுவதைத்தான் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாமியார் என் தட்டைத் தனியாக வைத்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "ஊரான் கோழையெல்லாம் நோண்டிப் பாக்குறவளுக்குத் தன் கோழை தெரியலியாம்" என்றார், எனக்குக் கேட்கும்படி.

கணவர் குரலை உயர்த்தவே இல்லை. "படிக்காதவளா இருந்தா, தெரியாம பண்ணிட்டாளேன்னு வுட்டுடலாம். நீ தெரிஞ்சிக்கினுதானே இருந்த" என்றார்.

தெரிந்திருந்ததா, தெரிய விரும்பவில்லையா? இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் அந்தப் பக்கத்தைத் திருத்தித் தரச் சொல்லி மேடத்திடம் ரெக்கார்டு நோட்டை நீட்டினேன். "மார்க் அனுப்பியாச்சும்மா. விடு" என்றார். நோட்டைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். பட்டம் வாங்கியபோது அந்த மதிப்பெண்ணும் அதில் சேர்ந்துதான் இருந்தது.

மகளுக்கு இப்போது மூன்று வயது. எடை ஏறிவிட்டது, ஓடுகிறாள். நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு மாதம், கிழமை எல்லாம் குழம்பிவிட்டன. பதினான்கு நாள் என்பது மட்டும்தான் கணக்கு. யார் இருமினாலும் முதல் நாள் தொடங்கிவிடுகிறது. என் நெஞ்சு என்னுடையதாக இல்லை. மூச்சை இழுத்து, உள்ளே எங்காவது கரகரக்கிறதா என்று காத்திருக்கிறேன்.

போன வாரம் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முகம் சிவந்தது. உதடுகளை இறுக்கி, கன்னத்தை உப்பி, கண்ணில் நீர் முட்ட என்னையே பார்த்தாள். புரை ஏறிவிட்டதோ என்று ஓடினேன். இல்லை. இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் இருமும்போதெல்லாம் என் முகம் எப்படி மாறுகிறது என்று அவள் இத்தனை நாளாகப் பார்த்திருக்கிறாள்.

"இருமும்மா, பரவாயில்ல" என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.